பொன்னாடை போதுமா?

இசையாசிரியரை நாம் ஆசிரியராக எண்ணுவதில்லை. இதனை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. சினம் கொள்வோர் பின்னர்க் கொள்ளட்டும். தமிழ்ப்பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்பிப்பவருக்கு நியமனக் கடிதம் உண்டு. மாதந்தோறும் ஊதியம் உண்டு. முதுமையில் ஓய்வூதியம் உண்டு. மே மாதம் 16-ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, மாணவர் கையால் மலரும் உண்டு. அந்தி சாயும் வேளையில் மோட்டார் சைக்கிளின் பின்புறம் சுருதிப்பெட்டியையும் கணினியையும் கட்டிக்கொண்டு லகாட்டுக்கு வந்து, கோயில் மண்டபத்திலோ மன்றக் கூடத்திலோ நம் பிள்ளைகளுக்குப் பாட்டும் தாளமும் ஒலிப்பதிவும் கற்பிக்கின்றாரே, அவருக்கு என்ன உண்டு? பெயர்கூட ஒழுங்காக இல்லை. சிலர் 'மாஸ்டர்' என்கின்றனர். சிலர் 'பாட்டுக்காரர்' என்கின்றனர். ஒலிவாங்கியும் கம்பிச்சுருளும் கையில் இருக்கக் கண்டுவிட்டால் 'சவுண்டுக்காரர்' என்று அழைத்து, ஒலிபெருக்கியை நகர்த்தி வைக்கச் சொல்கின்றனர்.

லகாட் பெரிய ஊரன்று. ஈப்போவிலிருந்து மெங்கிளம்பு வழியாகப் பத்து காஜாவை நோக்கிச் செல்வோர், வந்ததும் தெரியாமல் கடந்ததும் தெரியாமல் போய்விடக்கூடிய ஊர். ஒருபுறம் ஈயம், மறுபுறம் பால்மரம் என்று வாழ்ந்த வட்டாரம் இது. 1950-களிலும் 1960-களிலும் நாடெங்கும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. லயன் வீடுகளை விட்டு வந்த மக்கள் புதுக் குடியிருப்புகளில் வாடகைக்குப் புகுந்தனர். தோட்டத்தோடு போனவை பல. வேலையும் வீடும் போனதைப் பலரும் எழுதினர். கோயில் திடலில் இரவெல்லாம் ஒலித்த தப்பும் உறுமியும், மார்கழி விடியலில் எழுந்த பசனையும், இழவு வீட்டில் கிழவிகள் பாடிய ஒப்பாரியும் எங்கே போயின என்று எழுதியவர் மிகச் சிலரே. போகாமல் எஞ்சியவற்றைப் பிடித்து நிறுத்தியிருப்பவர்கள், நான் மேலே சொன்ன மோட்டார் சைக்கிள் ஆசிரியர்கள்.

இவர்களை நாம் எவ்வாறு போற்றுகின்றோம் என்பதற்கு ஒரு காட்சி கூறுவேன். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று கேட்க வேண்டா. கேட்பவர் தம் சங்கத்தையே நினைத்துக்கொள்ளலாம். ஆண்டு விழா. பிள்ளைகள் பாடினர், வெற்றிக் கிண்ணங்கள் பெற்றனர். வந்திருந்த பிரமுகர் எழுவருக்கு மாலை விழுந்தது, எழுவரும் பேசினர். இரவு பதினொரு மணிக்கு, நாற்காலிகளில் பாதி காலியான பின், 'இப்பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தவர்' என்று ஒருவரை மேடைக்கு அழைத்தனர். அவரோ மேடைக்குப் பின்னால் மிக்ஸரின் முன் குனிந்து நின்றார். ஓடி வந்தார். பொன்னாடை போர்த்தினர், உறை ஒன்றைக் கையில் திணித்தனர். அதற்குள் ஒலிபெருக்கி ஊளையிடத் தொடங்கவே, போர்த்திய ஆடையோடு மீண்டும் மிக்ஸரை நோக்கி ஓடினார். அவையில் சிரிப்பெழுந்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் அது சிரிப்பதற்குரிய காட்சியன்று என்பது உறைத்தது. உறையில் இருந்தது அவர் ஆறு மாதம் வந்துபோன பெட்ரோல் செலவுக்குப் போதுமா என்பதை எவரும் கேட்கவில்லை.

சிலப்பதிகாரத்தை மேடைதோறும் புகழ்கின்ற நாம் அரங்கேற்று காதையை ஒருமுறை ஊன்றிப் படித்தல் வேண்டும். மாதவி அரங்கேறும் முன்னர் இளங்கோவடிகள் யாரைக் காட்டுகின்றார்? ஆடல் கற்பித்தவனையும், இசையாசிரியனையும், பாட்டியற்றும் புலவனையும், தண்ணுமை முழக்குவோனையும், குழலாசிரியனையும், யாழாசிரியனையும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, ஒவ்வொருவரும் கற்றிருக்க வேண்டியவை இன்னின்ன என்று விரித்துரைக்கின்றார். ஆசிரியரைச் சொல்லி முடித்த பின்னரே அரங்கைச் சொல்கின்றார். அந்த அரங்கும் மனம்போன போக்கில் அமைத்ததன்று. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அமைத்தது. ஐந்து வயதிற் பயிலத் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மாதவி அரங்கேறுகின்றாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னின் சிறப்பும் பெறுகின்றாள். ஆறு ஆசிரியரும் என்ன பெற்றனர் என்பதை அடிகள் கூறவில்லை. அக்காலத்திலேயே ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிட்டனர் போலும்! இது விளையாட்டுப் பேச்சு. விளையாட்டில்லாத பேச்சு ஒன்றுண்டு: ஆசிரியரின் தகுதியை இத்தனை அடிகளில் வகுத்துரைத்த இலக்கியத்தைப் படித்தவர்கள், தம் ஊர் இசையாசிரியர் யாரிடம் பயின்றார், எத்தனை ஆண்டு பயின்றார் என்பதைக் கேட்டறிந்ததுகூட இல்லை.

இந்நாட்டில் இக்குறை நேற்றுத் தோன்றியதன்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கத் தோட்ட நிருவாகத்தைக் கடமைப்படுத்திற்று. அதனால் பெயரளவிலேனும் ஓர் ஆசிரியர் வந்தார்; கங்காணியோ கிராணியோ கற்பித்த இடங்களும் இருந்தன. இசைக்கு அத்தகைய சட்டம் ஏதும் இல்லை. அதே 1923-இல் தலைநகரில் சங்கீத அபிவிருத்தி சபை தோன்றி, நகர மக்களின் பிள்ளைகளுக்குக் கர்நாடக இசை கற்பிக்கத் தொடங்கிற்று. பின்னர் 1981-இல் சுவாமி சாந்தானந்த சரசுவதி அவர்களின் அருளூக்கத்தால் நுண்கலைக் கோயில் எழுந்து, இசையையும் நடனத்தையும் பல்லாயிரவர்க்குக் கொண்டு சென்றது. இவற்றைக் குறைத்துப் பேசுதல் நன்றியின்மை. ஆயினும் இவை பெருநகரங்களில் வேரூன்றியவை. பால்வெட்டும் தொழிலாளியின் மகள் கோலாலம்பூருக்குச் சென்று பாட்டுப் படிக்க முடியுமா? அவளுக்கு வாய்த்தது, தோட்டத்திற்கு வந்துபோன பசனை ஆசிரியரின் கைத்தாளம் ஒன்றே.

கலை என்பது தொண்டு, அதற்கு விலை பேசலாமா என்று கேட்போர் உளர். அழகான கேள்வி. கேட்பவரிற் பலர் மாதக் கடைசியில் தம் ஊதியச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள். நுண்கலைக் கோயிலைச் சான்று காட்டுவர். தொண்டு நெறியில் நின்ற அவ்வமைப்பினர், உண்பவர் மனம் விரும்பிக் கொடுப்பதைப் பெறும் முறையில் அன்னலட்சுமி உணவகத்தை நடத்திக் கலைப்பணியைத் தாங்கினர் என்பதை மட்டும் மறந்துவிடுவர். தொண்டுக்கும் அடுப்பு எரிய வேண்டும். அவர்கள் அதனை அறிந்திருந்தனர்; நாம் அறியாதவர்போல் நடிக்கின்றோம்.

இரண்டாவது கூட்டத்தார் இளைஞர். 'கணினி வந்துவிட்டது, கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கின்றது, இனி ஆசிரியர் எதற்கு?' என்கின்றனர். இக்கூற்றைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். ஏனெனில் இது வளர்ந்துவரும் மயக்கம்.

குரலின் சுருதிப் பிழையைத் திருத்தும் 'ஆட்டோ-டியூன்' என்னும் மென்பொருள் 1997-இல் வெளிவந்தது. எண்ணெய் வளம் தேடும் பணிக்காக நிலத்தடி ஒலியலைகளை ஆராய்ந்த பொறியியலாளர் ஒருவர் அக்கணக்கை இசைக்குத் திருப்பினார். அறிவுக்கு வியப்பான செயல். அது செய்வது என்ன? பாடுபவர் குரல் எங்கு நிற்கின்றதோ, அதற்கு மிக அருகில் உள்ள சுரத்தில் கொண்டுபோய் அதனை நிறுத்துகின்றது. மேலைநாட்டு விசைப்பலகையின் பன்னிரண்டு சுரங்களே அதற்கு இயல்பாகத் தெரிந்தவை. நம் இசையிலோ சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தோடி இராகத்துக் காந்தாரம் அசைந்தசைந்து மேலும் கீழும் சென்று வருவது. அந்த அசைவுதான் தோடி. அம்மென்பொருளைத் தோடியின்மேல் கண்ணை மூடிக்கொண்டு ஏவினால், அசைவு முழுவதையும் பிழையென்று கருதிப் படிக்கட்டாக வெட்டிவிடும். விசைப்பலகையிலும் இச்சிக்கல் உண்டு. ஒரு தாயியை 1200 நுண்கூறுகளாகப் பகுத்தால், தம்பூராவின் நாதத்தில் இயல்பாக எழும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386-ஆம் கூற்றில் நிற்கும். விசைப்பலகையின் காந்தாரமோ 400-இல் நிற்கும். நாள்தோறும் விசைப்பலகையோடு மட்டும் பாடிப் பழகும் பிள்ளையின் செவி அந்தப் பதினான்கு கூற்று வேறுபாட்டை உணராமலேயே வளரும். கருவி தன்னைப் பற்றித் தானே எச்சரிக்காது. 'இவ்விடத்தில் இதனை அணைத்துவிடு. உன் செவியை நம்பு' என்று சொல்வதற்கு ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் இராகமும் அறிந்தவராக, கருவியும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

உறுமியை எடுத்துக்கொள்வோம். இடை சிறுத்த அதன் உடலில் இரண்டு முகங்கள். ஒன்றை மெல்லிய குச்சியால் தட்டுவர். மற்றொன்றை வளைந்த குச்சியால் தேய்ப்பர். தேய்க்கும் முகத்திலிருந்து எழும் அந்த அடிவயிற்று முனகலே உறுமிக்குப் பெயர் தந்தது. கைப்பேசியின் சிறு ஒலிவாங்கி தட்டலைப் பிடிக்கும். முனகலின் அடிநாதத்தைக் கோட்டைவிடும். முகத்துக்கு ஒன்றாக இரண்டு ஒலிவாங்கிகள் வைக்க வேண்டும். எவ்வளவு தொலைவில், எந்தச் சாய்வில் என்பதைச் செவியால் தேர வேண்டும். இதற்கும் மேலாக நம் கூடங்கள் இருக்கின்றன. வெறுஞ் சிமெண்டுச் சுவர், தகரக் கூரை. ஒருமுறை கை தட்டினால் ஒலி சுவருக்குச் சுவர் பந்தாடும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. பதினேழு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். பாடகரின் அடுத்த அசை அதற்குள் தொடங்கிவிடும். பழைய கம்பளங்களையும் முட்டை அட்டைகளையும் தொங்கவிட்டு இதனைச் சரிசெய்ய முயன்ற ஆசிரியர்களை இவ்வட்டாரத்தில் கண்டிருக்கின்றேன். முட்டை அட்டையால் பெரும்பயன் இல்லை; கனத்த கம்பளமும் துணி அடைத்த சாக்கும் ஓரளவு உதவும். இதையும் ஒருவர் பட்டறிந்துதான் சொல்லித்தர வேண்டியிருக்கின்றது. பிற்பகல் மழை தகரத்தில் இறங்கிவிட்டாலோ எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. வகுப்பைத் தாளப் பயிற்சியாக மாற்றிக்கொள்வர். அத்தகைய முடிவை எந்த மென்பொருள் எடுக்கும்?

மூன்றாவது கூட்டத்தார் நம்மவர்; படித்தவர். 'உறுமி மேளம் இசையா? ஒலிப்பதிவு கலையா? தேவாரம் கற்பிக்கட்டும், கீர்த்தனை கற்பிக்கட்டும். தெருப்பிள்ளைகளின் கூச்சலுக்கு ஏன் ஆசிரியர்?' என்று இவர்கள் கேட்கும்போது எனக்குச் சினம் வருகின்றது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் காவடிகளின் முன்னே ஒலிப்பது எது? உறுமி ஒழுங்கின்றி முழங்குகின்றது என்ற புகார் அடிக்கடி எழுகின்றது. சில இடங்களில் அது உண்மையுமாகும். ஒழுங்கில்லாதவருக்குத் தேவை ஆசிரியரா, தடையாணையா? தேவாரத்துக்கு ஓதுவாரை நாடும் நாம் உறுமிக்கு ஆசானை நாடாமல் இருந்துவிட்டு, பிள்ளைகள் தாமாகக் கற்றதைக் குறை கூறுகின்றோம். சொல்லிசையையும் இவ்வாறே இகழ்ந்தோம். 2006-இல் யோகி பி. நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' வெளிவந்து, மலேசிய இளைஞரின் தமிழ்ச் சொல்லிசையைத் தமிழ்நாட்டு மக்களும் விரும்பிக் கேட்ட பின்னரே, 'நம் பிள்ளைகள்' என்று உரிமை கொண்டாடினோம். எதுகையும் மோனையும் சந்தமும் அறிந்தால் அப்பிள்ளைகள் இன்னும் சிறப்பாக எழுதமாட்டார்களா? அவற்றைக் கற்பிக்க வல்லவர் தமிழாசிரியர் அல்லரா? அந்த இசை வகுப்பின் வாயிற்படியை நம்மில் எத்தனை பேர் மிதித்தோம்?

இசையும் ஒலி நுட்பமும் இருவேறு உலகங்கள் என்று கருதுவோர் விபுலாநந்த அடிகளை நினைத்தல் வேண்டும். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டதாரி, பள்ளியிலும் கல்லூரியிலும் அறிவியல் கற்பித்தவர், தமிழ்ப் பேராசிரியர். நான் மேலே சொன்ன அரங்கேற்று காதையை மூலமாகக் கொண்டு, பழந்தமிழர் யாழ்களின் நரம்பளவையும் சுருதிகளையும் கணக்கிட்டு ஆராய்ந்தார். அந்த 'யாழ் நூல்' 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன், 1917-இல், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்து சித்த மருத்துவரானவர். இவர்கள் இன்று உயிரோடிருந்தால் கணினித் திரையில் அலைவடிவத்தைக் கண்டு ஒதுங்கியிருப்பாரா? சென்னையில் 2008-இல் ஏ. ஆர். இரகுமான் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரி பாடலையும் கருவியிசையையும் ஒலிநுட்பத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கின்றது. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரத்திற்கும் நாதசுரத்திற்கும் தவிலுக்கும் அரசு ஊதியம் பெறும் ஆசிரியர்கள் உள்ளனர். யாழ்ப்பாணத்தில் 1960-இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரி 1975-இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பிற நாட்டுத் தமிழர் ஆசிரியருக்கு ஒரு நாற்காலியேனும் போட்டிருக்கின்றனர்.

நம் பங்குக் குற்றத்தைப் பேசாமல் இக்கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை. 1983-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் இசையும் ஒரு பாடமாயிற்று. வழி திறந்தது. நாம் என்ன செய்தோம்? தேர்வில் இல்லாத பாடம் என்று ஒதுக்கினோம். எவருக்குக் கால அட்டவணையில் இடைவெளி இருந்ததோ அவர் தலையில் இசைப்பாடத்தைக் கட்டினோம். தேர்வு நெருங்கியதும் அந்த நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டோம். நம் பேராக் மாநிலத்திலேயே தஞ்சோங் மாலிமில், 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனத்தில் தமிழ்க் கல்வியும் பயிலலாம். இசைக் கல்வியும் பயிலலாம். இசையில் நாட்டமுள்ள மாணவன் ஒருவன் அப்படிவத்தை நிரப்ப வரும்போது, 'பிழைக்கத் தெரியாதவனே' என்று தடுத்த வாய்கள் யாருடையவை? பெற்றோர் வாய் மட்டுமா?

பணம் இல்லை என்பது கடைசிக் கோட்டை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். வெட்டுக்கத்தி பிடித்த கைகள் தோட்டம் வாங்கின. ஊதியமும் வீடும் காரும் பெற்ற கைகளால் ஓர் இசையாசிரியரை வைத்துக்கொள்ள இயலவில்லை என்றால் எவர் நம்புவார்? கோயில் திருவிழாவில் ஓர் இரவுக்கு ஒலிபெருக்கிகளுக்கும் வண்ண விளக்குகளுக்கும் கொடுக்கும் வாடகையைக் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள். அடுத்த பக்கத்தில் இசை வகுப்புக்கான செலவைப் பாருங்கள். அப்படி ஒரு பக்கம் இருந்தால்!

நான் கேட்பது பெரிதன்று. வகுப்பு நடத்தும் ஒவ்வொரு கோயிலும் மன்றமும் ஆசிரியருக்கு இன்ன தொகை, இன்ன நாளில் என்று எழுத்தில் தர வேண்டும். விடுமுறை மாதத்தில் அத்தொகையை நிறுத்தலாகாது. விடுமுறையில் அவர் குடும்பம் பட்டினி கிடக்க இயலாது. ஆண்டு விழாவில் அவர் பெயர் அழைப்பிதழில் அச்சாக வேண்டும். பிரமுகர் பேசும் முன் அவர் பேச வேண்டும். பாடவும் கருவி வாசிக்கவும் தெரிந்தவரை ஒலிநுட்பம் கற்க அனுப்பவும், ஒலிநுட்பம் தெரிந்தவரைச் சுரம் பயில அனுப்பவும் எழுத்தாளர் சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் உதவித்தொகை வைக்க வேண்டும். நாவலுக்கும் சிறுகதைக்கும் போட்டி வைக்கின்றோமே; அப்பரிசுத் தொகையில் ஒன்றை ஓராண்டு இதற்குத் தந்தால் தமிழ் குறைந்துவிடாது.

இவ்வளவு அவசரம் எதற்கு என்பீர்கள். சென்ற ஆண்டு, லகாட்டை அடுத்த ஒரு வகுப்பில் கண்டதைச் சொல்கின்றேன். படிவம் மூன்று பயிலும் சிறுமி ஒருத்தி தன் பாட்டியை அழைத்து வந்திருந்தாள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் மணந்து, தோட்டம் விற்கப்பட்டபோது வெளியேறிய மூதாட்டி. நடவுப் பாட்டும் தாலாட்டும் பால்காட்டுக் கேலிப் பாட்டும் அவர் நினைவில் இருந்தன. இத்தகைய பாடல்களின் சொற்களைத் தொகுத்து அச்சிட்டவர் உண்டு. மெட்டு அச்சில் வராதே. ஆசிரியர் மின்விசிறியை நிறுத்தினார். சன்னல்களில் சாக்குத் துணி கட்டினார். ஒலிவாங்கியைப் பாட்டியின் வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுத் தாழ்த்தி, பக்கவாட்டில் வைக்கச் சிறுமிக்குக் காட்டினார். முதற் பாட்டில் பாட்டி நடுவே நிறுத்தி, 'நல்லா வரலையா ஐயா?' என்றார். 'வருதம்மா, நீங்க பாடுங்க' என்றார் அவர். மூன்று பாட்டுகள் பதிந்தன. நான்காவதைத் தொடங்கும்போது தகரத்தில் மழை இறங்கிவிட்டது. அடுத்த வாரம் மீதியைப் பதியலாம் என்று கூறிப் பிரிந்தனர். அடுத்த வாரம் வகுப்பு நடைபெறவில்லை. ஆசிரியருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்துவிட்டது. அதில் மாதச் சம்பளம் உண்டு.